ஃபோட்டோ கன்சர்வேட்டர் வேலைக்கு வரலாமான்னு கேட்டவருக்கு

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். கெமிஸ்ட்ரில டிகிரி முடிச்சிருக்கீங்க, பழைய ஃபோட்டோன்னா உயிரு, கை வேலையும் நல்லா வரும், மியூசியத்துல கிழிஞ்சதையும் மங்கிப்போனதையும் சரி பண்ற வேலைக்குப் போகலாமா, அதுக்கு என்ன படிக்கணும்னு கேட்டிருக்கீங்க. பின்குறிப்பா, தாத்தாவோட நெகட்டிவ் பெட்டியத் திறந்தா புளிச்ச வாசனை அடிக்குதுன்னும் எழுதியிருக்கீங்க, அதுக்குக் கடைசில வரேன். இந்த ஆசையும் இந்தக் கையும் போதுமான்னுதான் நீங்க உண்மையில கேக்குறீங்கன்னு எனக்குப் படுது. நான் பல வருஷமா ஒரு மியூசியத்துல இதே வேலைல இருக்கேன், அதனால நேராவே சொல்லிடுறேன். ஆசை கண்டிப்பா வேணும், கை அதுக்கு அப்புறம்தான். முன்னாடி இருக்கறது என்ன பொருள்னு கண்டுபிடிக்கறது முதல் வேலை, கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் பெரும்பாலான நேரம் அதுமேல கைய வைக்காம இருக்கறதுதான் மீதி வேலை.

ஒரு பழைய படத்தக் குடுத்தா எல்லாரும் அதுல இருக்கற முகத்தப் பாப்பாங்க. நாங்க அத வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பிடிச்சு மேல்பரப்பப் பாப்போம். அடியில ஒரு தாங்கி இருக்கும், பேப்பர், கண்ணாடி, தகடு, ஃபிலிம் இப்படி ஏதாவது ஒண்ணு. அதுக்கு மேல மெல்லிசா ஒரு படலம், முட்டை வெள்ளைக்கரு, பருத்திய ரசாயனமா மாத்திக் கரைச்சு எடுக்கற கொலோடியன், இல்ல ஜெலட்டின். அந்தப் படலத்துக்குள்ளதான் படமா தெரியுற பொருள் இருக்கு, கருப்பு வெள்ளைன்னா பெரும்பாலும் வெள்ளித் துகள், கலர்னா சாயம். 1839ல வந்த டாகெரோடைப் வெள்ளி முலாம் பூசின செம்புத் தகடு, முகம் பாக்குற கண்ணாடி மாதிரி மின்னும், கொஞ்சம் திருப்பினா படமே நெகட்டிவா மாறும். 1850ல பிளாங்கார்ட் எவ்ரார் முட்டை வெள்ளைக்கரு பூசின ஆல்புமன் பேப்பரக் கொண்டு வந்தார், அடுத்த வருஷமே ஆர்ச்சர் கண்ணாடி மேல ஈரக் கொலோடியன் முறைய வெளியிட்டார், 1871ல மேடக்ஸ் ஜெலட்டினுக்கு வழி காட்டினார். இதெல்லாம் பரீட்சைக்குப் படிக்கற வரலாறுன்னு நினைச்சுடாதீங்க, ஒவ்வொண்ணுக்கும் சாவு வேற மாதிரி வரும். ஜெலட்டின் தண்ணி பட்டா ஊதும், ஆல்புமன் நனைஞ்சு காஞ்சா அதுல இருக்கற நுண்ணிய விரிசல் இன்னும் விரியும், கொலோடியனுக்குத் தண்ணி பரவால்ல ஆனா ஆல்கஹால் பட்டா கரைஞ்சே போயிடும். ஒண்ணுக்கு மருந்தா இருக்கறது இன்னொண்ணுக்கு விஷம்.

அதனால எந்தப் படம் மேசைக்கு வந்தாலும் மொதல்ல லென்ஸ எடுப்போம், அப்புறம் மைக்ரோஸ்கோப். முப்பது மடங்கு பெருசாக்கிப் பாத்தா பேப்பர் நாரு திறந்தவாக்குல தெரிஞ்சா, மேல படலமே இல்லன்னா, அது சால்ட் பிரிண்ட்டா இருக்கும், அதாவது உப்புக் கரைசலும் வெள்ளிக் கரைசலும் பேப்பர்லயே ஊற வச்சுப் போட்ட பழைய வகைப் படம். பளபளப்புக்கு அடியில நாரு தெரிஞ்சா ஆல்புமன். நாரே தெரியாம வழவழன்னு வெள்ளையா ஒரு பூச்சு மறைச்சா அது பேரைட்டா, அதுக்கு மேல இருக்கறது ஜெலட்டினா கொலோடியனாங்கறதுதான் அடுத்த கேள்வி, அங்கதான் ஆளு மாட்டுவான்.

நானும் மாட்டினேன். பயிற்சில இருந்தப்ப, பழுப்புச் சிவப்பா, பளபளன்னு ஒரு போர்ட்ரெய்ட் குடுத்தாங்க, மேல ஈ எச்சமும் புகைக்கறையும். பாத்த உடனே ஜெலட்டின்னு முடிவு பண்ணிட்டேன். ஓரத்துல, படத்தச் சுத்தி ஃப்ரேமுக்குள்ள வைக்கற மேட் போர்டு அட்டை மறைக்கற இடத்துல, ஒரு சொட்டு வச்சு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் தொடணும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க, நான் அதத் தாண்டிட்டு, ஆல்கஹால் கலந்த தண்ணில பஞ்சை நனைச்சு கறை மேலயே ஒத்தினேன். ரெண்டாவது ஒத்துல பஞ்சு லேசா ஒட்டுச்சு, எடுத்துப் பாத்தா வெள்ளைப் பஞ்சுல பழுப்பு நிறம். அது கொலோடியன். கடுகளவு இடம், அவர் கோட்டோட தோள்பட்டைல, இன்னிக்கும் அங்க பளபளப்பு இல்லாம மங்கலா இருக்கு. அந்தப் படத்தோட ரிப்போர்ட்ல என் கையெழுத்துலயே என்ன பண்ணேன், எந்த அளவுக் கரைசல், எவ்ளோ இடம் போச்சுன்னு எழுதி வச்சிருக்கேன், ஏன்னா நாளைக்கு அத எடுக்கற ஆளுக்கு அது தெரிஞ்சாகணும். உங்க கெமிஸ்ட்ரி அறிவு இங்க ரொம்ப உதவும், ஆனா எந்த சால்வென்ட் எதக் கரைக்கும்னு தெரிஞ்சிருக்கறதும், அந்தச் சொட்ட வைக்கறதுக்கு முன்னாடி நிக்கறதும் தனித்தனி பழக்கம். எனக்கு ரெண்டாவது அந்தக் கோட்டு படத்தாலதான் வந்தது.

தினசரி வேலைன்னு கேட்டா, கிழிசல ஒட்டறது மாதிரி ட்ரீட்மென்ட்டுக்கு வாரத்துல ஒரு நாள் கிடைச்சாலே பெருசு. மீதி நாளெல்லாம் வேற. வேற மியூசியத்துக்குக் கடனாப் போற படங்களுக்கு கண்டிஷன் ரிப்போர்ட் எழுதணும், விளக்கப் பக்கவாட்டுல வச்சு ஒவ்வொரு சுருக்கத்தையும் உரிஞ்ச இடத்தையும் படம் எடுத்துக் குறிக்கணும், திரும்பி வந்ததும் அதே மாதிரி பாத்து ஒப்பிடணும். ஸ்டோரேஜ் ரூமோட வெப்பமும் ஈரப்பதமும் காட்டுற கிராஃப பாக்கணும். புதுசா வந்த ஒரு பெட்டில எத்தன படம், எந்த வகை, எது அவசரம்னு சர்வே எடுக்கணும். கவர், பெட்டி ஆர்டர் பண்ணணும், இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா ஆசிட் ஃப்ரீன்னு அச்சடிச்சிருந்தா மட்டும் போதாது, அந்தப் பேப்பரே படத்த மங்க வைக்குதான்னு பாக்க ஐஎஸ்ஓ 18916ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 70 டிகிரி செல்சியஸ், 86 சதவீத ஈரப்பதத்துல 15 நாள் வச்சுப் பாப்பாங்க, அதுல பாஸ் ஆனதத்தான் வாங்குவோம். பிளாஸ்டிக்னா பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் சரி. பிவிசி பக்கமே போகக் கூடாது.

அப்புறம் வெளிச்சம். கண்காட்சிய முடிவு பண்ற கியூரேட்டரோட அதிகமா வாதாடறது இதுக்குத்தான். 50 லக்ஸ்லதான் (லக்ஸ்னா வெளிச்சத்த அளக்கற அலகு) படத்தக் காட்டணும்னு சொன்னா, இருட்டா இருக்குன்னு பாக்க வர்றவங்க புகார் சொல்றாங்கம்பாங்க. கணக்கு இதுதான்: 50 லக்ஸ்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், 12 வாரம்னா 28,800 லக்ஸ் மணி. அத 100 லக்ஸா ஏத்தினா அதே சேதத்துக்கு 6 வாரமே போதும். வெளிச்சத்தால போனது சேந்துகிட்டே போகும், இருட்டுல வச்சு ஓய்வு குடுத்தா மேற்கொண்டு போகாம நிக்குமே ஒழிய போனது திரும்பி வராது. அதனால ஒரு தடவ காட்டின படத்த சில வருஷம் பெட்டிக்குள்ள அனுப்பிடுவோம். ஒரு படத்த ஆசையா மாட்டி வச்சிருக்கறவங்க கிட்ட இறக்குங்கன்னு சொல்றது கஷ்டமான வேலை, அதயும் செஞ்சுதான் ஆகணும்.

இப்ப நீங்க ஆசைப்படுற சரி பண்ற விஷயத்துக்கு வரேன். உறுதியா செய்யக்கூடியது எதுன்னா: தூசிய மென்மையான பிரஷ்ஷாலயும் காத்து ஊதுற பல்பாலயும் எடுக்கறது, கிழிசலுக்குப் பின்பக்கம் ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வச்சு ஒட்டறது, தூக்கிட்டு நிக்கற எமல்ஷன, அதாவது படம் இருக்கற அந்தப் படலத்த, படிய வைக்கறது, உரிஞ்சு போன இடத்துல மட்டும் தடுப்பா ஒரு படலம் போட்டு அதுக்கு மேல வாட்டர் கலர்ல நிரப்பறது. அந்த நிறம் மூலப்படத்து மேல ஒரு மயிரிழை கூட ஏறக் கூடாது, நாளைக்கு வேற ஒருத்தர் வேண்டாம்னு நினைச்சா எடுத்துட முடியணும். முடியாதது எதுன்னா மங்கினத மறுபடி கொண்டு வர்றது. கலர் ஃபோட்டோல சாயம் சிதைஞ்சு போச்சுன்னா போச்சு, இருட்டுல வச்சிருந்தாலும் 1970கள்ல எடுத்த பல படம் சியான் சாயம் போயி செவப்பா நிக்குது, அதுக்கு எந்தக் கரைசலும் கிடையாது. ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல நிறத்த ஏத்தலாம், நானும் அப்படி காப்பி எடுத்துக் குடுக்கறேன், ஆனா அது காப்பி. மூலப்படம் பெட்டிக்குள்ள செவப்பாவேதான் இருக்கும்.

நடுவுல சந்தேகமான பகுதி ஒண்ணு இருக்கு, அதுலதான் எங்க ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போக மாட்டோம். பழைய கருப்பு வெள்ளைப் படத்துல ஓரமா, இருண்ட இடங்கள்ல, நீலமா ஈயம் மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும். ஈரத்துலயும் காத்துல இருக்கற வாயுவாலயும் வெள்ளி அயனா மாறி மெல்ல மேல வந்து, மேல்பரப்புல திரும்ப உலோகமா உக்காந்துக்கறது அது. அதத் துடைச்சு எடுக்க முடியும், எடுத்தா படம் தெளிவாத் தெரியும். ஆனா அங்க உக்காந்திருக்கறதும் அந்தப் படத்தோட வெள்ளிதானே. நான் எடுக்க மாட்டேன், வயசோட அடையாளமா விட்டுடுவேன். எடுக்கறதுதான் சரின்னு சொல்ற, நான் மதிக்கற கன்சர்வேட்டர்களும் இருக்காங்க. கெமிக்கல்ல ப்ளீச் பண்ணி மறுபடி டெவலப் பண்றதும் அப்படித்தான், சில படத்துல அற்புதமா வரும், சிலதுல இருந்ததும் போயிடும், எதுல எதுன்னு முன்கூட்டியே யாராலயும் உறுதி குடுக்க முடியாது, அதனால மியூசியப் பொருளுக்கு நான் அதச் செய்யறதில்ல. இந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கு. 1950கள்ல டாகெரோடைப் தகட்டுல இருக்கற கறைய தயோயூரியா கரைசல்ல முக்கி எடுத்தா பளிச்சுன்னு ஆகுதுன்னு கண்டுபிடிச்சு, நல்ல எண்ணத்தோட நிறைய தகட்டக் கழுவினாங்க. வருஷங்கள் போகப் போக அதே தகட்டுல புள்ளி புள்ளியா புதுக்கறை வந்துச்சு, மைக்ரோஸ்கோப்ல பாத்தா மேல்பரப்பே அரிச்சிருந்தது. கழுவினவங்க யாரும் அலட்சியமான ஆளுங்க இல்ல, அவங்க காலத்து நல்ல அறிவ வச்சுத்தான் செஞ்சாங்க. நான் இன்னிக்கு நம்பிக்கையா செய்யற ஏதோ ஒண்ணும் அந்த மாதிரி ஆகலாம்னு ஒவ்வொரு தடவையும் மனசுல ஓடும்.

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு ஃப்ரேம் வந்துச்சு, உள்ள கல்யாணக் கோலத்துல ஒரு ஜோடி, மேட் போர்டு இல்லாம கண்ணாடியோட நேரா ஒட்டி மாட்டியிருந்தாங்க, எப்பவோ ஈரம் ஏறி ஜெலட்டின் இளகி கண்ணாடியிலயே பிடிச்சுகிச்சு. பிடிச்ச இடம் தண்ணி ஊறின மாதிரி கருத்துத் தெரியும், பிடிக்காத இடம் லேசா சாம்பலாத் தெரியும், பொண்ணோட முகம் சரியா அந்த எல்லைல. காஞ்ச நிலைல பிடிச்சு இழுத்தா முகம் கண்ணாடியோட வந்துடும்ங்கறதுல சந்தேகமே இல்ல. தண்ணில ஊற வச்சா சில ஜெலட்டின் பிரிண்ட் தானா கழண்டு வரும், அதுவும் உண்மை. ஆனா இந்தப் படத்துல கன்னத்துலயும் புடவைலயும் கையால கலர் தீட்டியிருந்துச்சு, அந்தக் கலர் தண்ணிக்கு நிக்குமான்னு டெஸ்ட் பண்ணக்கூட கண்ணாடி விட மாட்டேங்குது. மூணு வாரம் யோசிச்சேன். கடைசில கண்ணாடியோட சேத்தே வச்சுட்டேன். கண்ணாடி வழியாவே நல்ல காப்பி எடுத்து, பின்பக்கத்துல இருந்த ஆசிட் ஏறின அட்டைய மட்டும் நீக்கி, கண்ணாடி அசையாத மாதிரி ஒரு தட்டு செஞ்சு, ஈரப்பதம் 40 சதவீதம் ஒட்டி நிக்கற ரூம்ல படுக்க வச்சாச்சு. மூணு வாரத்துல நான் அந்தப் படத்துக்கு ஒண்ணுமே பண்ணலன்னு வெளியில பாக்கறவங்களுக்குத் தோணும். என் வேலைல நான் நிம்மதியா நினைச்சுப் பாக்கற சிலதுல அது ஒண்ணு.

படம் மங்கறதப் பத்தின கவலை ஃபோட்டோ அளவுக்கே பழசு. 1855லயே லண்டன் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி படம் ஏன் மங்குதுன்னு பாக்க ஒரு கமிட்டி போட்டாங்க, இளவரசர் ஆல்பர்ட் அதுக்கு 50 பவுண்டு குடுத்தார். படத்த நிலைக்க வைக்கப் போடற ஹைப்போவ, அதாவது தயோசல்ஃபேட்ட, சரியாக் கழுவாம விடறதுதான் முக்கியமான காரணம், கூடவே ஈரமும் காத்துல இருக்கற கந்தகமும்னு சொன்னாங்க. இன்னிக்கும் அந்த விடை செல்லும். தயோசல்ஃபேட் மிச்சம் இருந்தா வெள்ளி மெல்ல சில்வர் சல்ஃபைடா மாறி மஞ்சள் பழுப்பாகும், நூறு வருஷம் முன்னாடி டார்க்ரூம்ல யாரோ அஞ்சு நிமிஷம் சேத்துக் கழுவியிருந்தா இன்னிக்கு அந்த முகம் தெரிஞ்சிருக்கும். நீங்க கெமிஸ்ட்ரி ஆளு, இதெல்லாம் உங்களுக்குச் சட்டுன்னு பிடிபடும், அந்த வகைல நீங்க பாதி தூரம் வந்தாச்சு.

இன்னொரு பக்கமும் இந்த வேலைல இருக்கு, உங்களுக்குப் பிடிக்கும்னு நினைக்கறேன். அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் லூயிஸ் ஹைன் 1940ல இறந்துட்டார். அவரே போட்ட பிரிண்ட்னு சொல்லி வித்த சில படங்கள 1990களோட கடைசில அல்ட்ரா வயலட் விளக்குல வச்சுப் பாத்தப்ப நீல வெள்ளையா ஒளிர்ந்துச்சு. அது பேப்பர்ல சேக்கற வெண்மையூட்டியோட ஒளிர்வு, அந்தப் பொருள் ஃபோட்டோ பேப்பருக்குள்ள வந்ததே 1950கள்ல. இறந்தவர் அந்தப் பேப்பர்ல பிரிண்ட் போட்டிருக்க முடியாது. கன்சர்வேட்டர்களும் பேப்பர் நிபுணர்களும் சேந்து பாத்த வேலை அது. ஒளிர்ந்தா பின்னால வந்த பேப்பர்னு சொல்லலாம், ஒளிரலன்னா பழசுன்னு சொல்ல முடியாது, ஏன்னா வெண்மையூட்டி சேக்காத பேப்பர் அதுக்கு அப்புறமும் வந்துச்சு. இந்த ரெண்டையும் குழப்பாம எழுதத் தெரியறதும் எங்க வேலை.

படிப்புக்கு வரேன். டெலாவேர் பல்கலைக்கழகமும் வின்டர்தர் மியூசியமும் சேந்து நடத்தற முதுகலை, பஃபலோ ஸ்டேட்டோட முதுகலை, பாரிஸ்ல இன்ஸ்டிட்யூட் நேஷனல் டு பாட்ரிமுவான், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம், இதெல்லாம் ஃபோட்டோவத் தனிப்பிரிவா எடுத்துப் படிக்க முடியற இடங்கள். சேர்றதுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வேணும், அது உங்க கிட்ட இருக்கு. கலை வரலாறு வேணும், வரைஞ்சு செஞ்சு பழகின கைக்கு ஒரு போர்ட்ஃபோலியோ வேணும், அதோட ஏதாவது ஒரு கன்சர்வேஷன் லேப்ல சில நூறு மணி நேரமாவது கூட இருந்து வேலை பாத்த அனுபவம் வேணும். அந்த அனுபவத்த மொதல்ல தேடுங்க. ஒரு மாசம் பெட்டி மாத்தி, நம்பர் எழுதி, ஸ்ப்ரெட்ஷீட் நிரப்பிட்டு அப்புறமும் பிடிச்சிருந்தா இந்த வேலை உங்களுக்குத்தான். வீட்டுல உக்காந்து சால்ட் பிரிண்ட், ஆல்புமன் பிரிண்ட் நீங்களே போட்டுப் பாருங்க, அதுல ரெண்டு கெட்டுப் போனா எந்தப் புத்தகத்தையும் விட நல்லாப் புரியும். வேலை வாய்ப்பு குறைவுதான், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, பெரிய மியூசியத்துல கூட ஃபோட்டோவுக்குன்னு ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க, பல இடத்துல பேப்பர் கன்சர்வேட்டரே இதையும் பாத்துப்பாங்க. அதனால பேப்பர் வேலையும் சேத்துக் கத்துக்கறது புத்திசாலித்தனம். பூஞ்சை பிடிச்ச பெட்டி, சால்வென்ட் எல்லாத்தோடயும் பழகணும், மாஸ்க்கும் க்ளவுஸும் ஆவிய வெளிய இழுத்து விடற மேசையும் இல்லாம வேலை பாக்கச் சொல்ற இடத்துல சேராதீங்க.

இப்ப தாத்தாவோட பெட்டி. புளிச்ச வினிகர் வாசனைன்னா அது அநேகமா செல்லுலோஸ் அசிடேட் ஃபிலிம், உடைஞ்சு அசிட்டிக் ஆசிட விடுது, அந்த ஆசிடே இன்னும் வேகமா உடைக்கும். புது ஃபிலிம்லயே 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்துல ஆரம்பிக்க சுமார் 40 வருஷம்னு கணிச்சிருக்காங்க, அதவிடச் சூடா ஈரமா இருந்தா இன்னும் சீக்கிரம். ஆரம்பிச்சத நிறுத்த முடியாது, குளிர்ல வச்சு மெதுவாக்கலாம், அவ்ளோதான். அடுத்த கட்டத்துல தாங்கி சுருங்கும், எமல்ஷன் சுருங்காது, அதனால படம் முழுக்க வாய்க்கா வாய்க்காலா மடிப்பு விழும், அதுக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணிடணும். காத்து போகாத டப்பால இருந்தா மொதல்ல வெளிய எடுங்க, நல்லா இருக்கற நெகட்டிவ் கிட்ட இருந்து பிரிங்க, பேப்பர் கவர்ல காத்தோட்டமான குளிர்ச்சியான இடத்துல வைங்க. ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. சேஃப்டின்னு இருந்தா அநேகமா அசிடேட். நைட்ரேட்னு இருந்தாலோ, ஒண்ணுமே எழுதாம 1950க்கு முந்தினதா இருந்து, கார நெடி அடிச்சு பழுப்பா பிசுபிசுன்னு இருந்தாலோ, ஸ்கேனர் கிட்டயே கொண்டு போகாதீங்க, அது தீப்பிடிச்சா எரியறதுக்கு வேண்டிய ஆக்ஸிஜன அதுவே குடுத்துக்கும், அணைக்கறது கஷ்டம். ஒரு துண்ட வெட்டிக் கொளுத்திப் பாக்கற டெஸ்ட்ட யாராவது சொன்னா கேக்காதீங்க. ஏடி ஸ்ட்ரிப்னு நீல நிறத்துல சின்னச் சின்னத் தாள் விக்கறாங்க, அசிடேட்டுக்குன்னே பண்ணது, ஆசிட் ஆவி பட்டா நிறம் மாறும், ஒண்ண பெட்டில போட்டு மூடி, சாதாரண ரூம்ல ஒரு நாளாவது விட்டுப் பாருங்க. நீலமாவே இருந்தா அவகாசம் இருக்கு, பச்சையானா இந்த வருஷமே ஸ்கேன் பண்ணுங்க, மஞ்சளானா இந்த வாரமே. என்ன கலர் வந்துச்சு, எத்தன நெகட்டிவ், ஓரத்துல என்ன எழுத்துன்னு எழுதுங்க, எத முதல்ல எடுக்கணும்னு பாத்துச் சொல்றேன்.